பத்தில் ஒன்று

ரொசாரியோ நகரில் செத்தவர்களின் பெட்டகங்களை
உயிரோடிருப்பவர்களுக்குத் திறந்து கொடுப்பது என் தொழில்.
பெயர் நெலிதா. வண்டியில் எழுதியிருப்பது
முன்னாள் கணவனின் பெயர்;
பெயின்ட் செலவை மிச்சம் பிடித்தேன்.

ஜூலைக் குளிர். பரனா ஆற்றின் மூடுபனி
படியேறி வந்து மூன்றாம் மாடியில் எங்களோடு நின்றது.
பல் மருத்துவர் ஸனார்தியின் இரும்புப் பெட்டி.
இரண்டு மகள்கள். ஒருத்தி கையில் கால்குலேட்டர்.
நாற்பது நிமிடம் காதை வைத்துக் கேட்டேன்.
மயக்க ஊசி போட்ட வாயைப்போல்
கதவு மெல்லத் திறந்தது.

உள்ளே கட்டுக்கட்டாய் ஆஸ்திரால்.
ரப்பர் வளையங்கள் தொட்டதும் பொடிந்தன.
பத்தாயிரத்துக்கு ஒரு பெசோ என்று
அரசாங்கம் பூஜ்யங்களை அறுத்தெறிந்த நாளிலும்
டாக்டர் பூட்டியபடியே வைத்திருந்தார்.
எறும்பு ஊரக் கல்லும் தேயும்.
இங்கே ஊர்ந்தது விலைவாசி.
பெட்டி தேயவில்லை,
உள்ளே இருந்தது தேய்ந்துபோயிற்று.

"எவ்வளவு தேறும்?" என்றாள் மூத்தவள்.
அன்றைக்கு ஒரு கார். இன்றைக்கு,
கடைக்காரன் இரக்கப்பட்டால், ஒரு மிட்டாய்.
சிரித்தார்கள். இளையவளுக்குச் சிரிப்பை நிறுத்தத் தெரியவில்லை,
அது அழுகையாய்ப் போய் முடிந்தது.

நான் சிரிக்கவில்லை. என் கதை சின்சில்லா.
மச்சான் அல்சீதெஸ் சொன்னான்:
பஞ்சு முடி, சீமாட்டிகளின் தோள்,
இரண்டே வருடம், நான்கு மடங்கு.
எட்டு வருடச் சேமிப்பைக் கூண்டில் அடைத்தேன்.
ஜனவரி வெயிலில் மூன்று நாள் மின்சாரம் போயிற்று.
குளிர்மலைப் பிராணிகள், பாவம்.
அறுபத்திரண்டு குழி தோண்டினோம்.
நான்கு மடங்கு என்று யார் சொன்னாலும்
இப்போதும் எனக்கு ஈரமண் மணக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது.
எந்தப் பூட்டின் கூலியானாலும் பத்தில் ஒன்று
வாடகைக்கு முன்னால், இறைச்சிக்கு முன்னால்,
காலணியைக் கழற்றுவதற்கு முன்னால் போய்விடும்.
ஆறு மாதச் சாப்பாட்டுக்கு டாலர் இருக்கிறது.
எங்கே என்று பூட்டுக்காரி சொல்வாளா?
மீதி ஒரு நிதியில்; உலகத்துக் கம்பெனிகள் மேல்
துளித்துளியாய்த் தெளித்துக்கொண்டிருக்கிறது.
ஒன்று சாகும். இரண்டு சாகும்.
எல்லாம் ஒரே ராத்திரியில் சாகாது.

வங்கிப் பையன் ஒருவன் பளபளக்கும் தாளை நீட்டினான்.
கடைசிப் பக்கத்துப் பொடியெழுத்தை, சாவியின் பல்லைப் பார்க்கும்
பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தேன்:
கட்டணம் வருடத்துக்கு இரண்டரை சதவீதம்.
மெல்லிய சாவிதான், தம்பி.
ஆனால் தினம் ராத்திரி என் வீட்டைத் திறக்கும்.

ஞானி ஒன்றும் இல்லை நான். ஒரு மார்ச்சில் எல்லாம் சரிந்தபோது
வயிறு கலங்கிப் பாதியை விற்றேன்.
ஆகஸ்டில் அதையே அதிக விலைக்குத் திரும்ப வாங்கினேன்.
அந்த வித்தியாசத்தில் நல்ல துளைக்கருவி ஒன்று வந்திருக்கும்.
நிறம்கூடப் பார்த்து வைத்திருந்தேன்.

பத்தொன்பது வருடம். முதல் பத்தில் அது
அடுப்படிப் பூனையாய்த் தூங்கியே கிடந்தது.
செத்துவிட்டதோ என்று தொட்டுத்தொட்டுப் பார்த்தேன்.
பிறகு ஒரு வருடம், நான் போட்டதைவிட
அது தானாய் ஈன்றது அதிகம் என்றிருந்தது.
மாளிகை இல்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கு
குடித்துவிட்டுச் சாவியைத் தொலைத்தவன் கூப்பிட்டால்
"விடியட்டும்" என்று புரண்டு படுக்கிறேன்.
அவ்வளவுதான் வாங்கினேன். நல்ல சரக்கு.

டாக்டரின் பெட்டியில் ஒரு தீப்பெட்டியும் இருந்தது.
குப்பைக்குப் போகப் பார்த்தது. குலுக்கச் சொன்னேன்.
யார் யார் வாயிலிருந்தோ கழற்றிய தங்கப் பற்கள்.
இளையவள் கண்ணைத் துடைத்தாள்;
மூத்தவள் சமையலறைத் தராசைத் தேடினாள்.
"அப்பா கெட்டிக்காரர்" என்றார்கள்.
அதிர்ஷ்டத்துக்கு அப்படிப் பெயர் வைக்காதீர்கள்
என்று வாயெடுத்தேன். செத்த வீடு. விட்டுவிட்டேன்.

கூலியாக ஒரு பல் தரட்டுமா?
பெசோவாகத் தாருங்கள், இன்றைக்கே என்றேன்.
நாளைக்கு இதே கூலி இதே கூலி இல்லை.

வண்டியில் உட்கார்ந்து, எஞ்சின் சூடேறும்வரை
கைபேசியில் பத்தில் ஒன்றை அனுப்பினேன்.
விரல் விறைத்திருந்தது.
இரண்டாம் தடவைதான் போயிற்று.